உடம்பிலேயே இருக்கிற பொருள்தானே, ஊசியில் போட்டால் என்ன?

கேட்டவருக்கு வணக்கம். நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். முகம் பளிச்சென்று ஆகவும் சோர்வு போகவும் குளுட்டாதயோனும் வைட்டமின் சியும் கலந்த ட்ரிப்ஸை வாரம் ஒரு முறை ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பக்கவிளைவு வருமா என்று கேட்டதற்கு, “உடம்பே தயாரிக்கிற ஆன்டிஆக்சிடன்ட்தான், ஒன்றும் ஆகாது” என்று பதில் வந்திருக்கிறது. (ஆன்டிஆக்சிடன்ட் என்றால் ஆக்சிஜனேற்றத்தால் செல்கள் சேதமாவதைத் தடுக்கும் பொருள்.) தொடரலாமா, தொடர்ந்தால் என்னென்ன பரிசோதனை எடுக்க வேண்டும் என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது அந்தப் பதில்தான் என்று எனக்குப் படுகிறது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் அது ஆபத்தில்லாததாகிவிடுமா?

ஆகாது. நான் மருத்துவர் அல்ல. மருத்துவமனை மருந்தகத்தில், ஊசி மருந்துகளைக் கலந்து வார்டுகளுக்கு அனுப்பும் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அதனால் உங்கள் தோலைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. குப்பிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகலாம், எதோடு சேரக்கூடாது, யாருக்குப் போகவே கூடாது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பொட்டாசியமும் உடம்பில் இருப்பதுதான். அது இல்லாமல் இதயம் ஒழுங்காகத் துடிக்காது. அதே பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் எங்கள் மருந்தகத்தில் அந்த ஆம்பூல்களை (மருந்து அடைத்த சிறு குப்பிகளை) மற்றவற்றோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வைக்கிறோம். ஒரு பொருள் உடம்பில் இருக்கிறது என்பது அது என்ன பொருள் என்று சொல்கிறது. எவ்வளவு, எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் என்ற கேள்விகள் அப்படியேதான் நிற்கின்றன.

வாய்வழியாகப் போகும் எதையும் குடலும் கல்லீரலும் பார்த்துத்தான் உள்ளே விடுகின்றன. வைட்டமின் சி மாத்திரையை எவ்வளவு விழுங்கினாலும் குடல் ஓர் அளவுக்கு மேல் உறிஞ்சாது. மிச்சம் வயிற்றுப்போக்காகப் போய்விடும். ட்ரிப்ஸில் அந்தக் காவல் கிடையாது. ரத்தத்தில் அதன் அளவு, மாத்திரையால் எட்டக்கூடிய உச்சத்தைப் போலப் பல பத்து மடங்குக்குப் போய்விடும். வாயால் சாப்பிட்டுப் பழகிய பொருள் என்ற நம்பிக்கையில் ஊசியைச் சோதிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மருந்தியலில் ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. 1983-ன் இறுதியில் அமெரிக்காவில் ‘ஈ-ஃபெரால்’ என்ற வைட்டமின் ஈ ஊசி விற்பனைக்கு வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கப்பட்டது. வைட்டமின் ஈ தானே என்று புதிய மருந்துக்கான சோதனையோ அனுமதியோ இல்லாமலே வந்த பொருள் அது. கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகி 38 குழந்தைகள் இறந்த பிறகு, 1984 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். வைட்டமினை நீரில் கரைய வைப்பதற்காகச் சேர்த்த பாலிசார்பேட் மீதுதான் பெரிய சந்தேகம் விழுந்தது. லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லும்போது இதைத்தான் சொல்வேன்.

இப்போது குளுட்டாதயோனுக்கு வருவோம். குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்தது அது. கல்லீரல் நிறையத் தயாரிக்கிறது. ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. சில நிமிடங்களிலேயே அதன் அளவு வேகமாக இறங்கிவிடும். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் நரம்புகள் பழுதாவதைக் குறைக்கத் துணை மருந்தாக அதைச் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆக, ஊசி குளுட்டாதயோன் என்பதே போலி என்று நான் சொல்ல வரவில்லை. தோல் நிறத்துக்காக அதை ரத்தக்குழாயில் ஏற்றுவதுதான் ஆதாரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகும் வழியில் அது குறுக்கிடுகிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்ததே. மனித உடம்பில் அந்தக் குறுக்கீடு எவ்வளவு தூரம் தெரிகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாகிஸ்தானிலிருந்து 2016-ல் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. 50 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 1200 மில்லிகிராம் குளுட்டாதயோனை வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரம் ஏற்றினார்கள். மறு பாதிக்கு வெறும் உப்புநீர். மருந்து ஏறியவர்களில் முழுதும் முடித்தவர்களை மட்டும் எடுத்தால், மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் நிறத்தில் மாற்றம் தெரிந்தது. உப்புநீர் ஏறியவர்களிலும் சிலருக்குத் தெரிந்தது! ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாருக்கும் அந்த மாற்றம் போய்விட்டது. மருந்து ஏறியவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குக் கல்லீரல் பரிசோதனைகள் கெட்டிருந்தன. ஒருவருக்கு அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை வந்தது. இவ்வளவு சிறிய ஆய்வின் சதவீதங்களை நான் பிடித்துத் தொங்க மாட்டேன். நூறு பேருக்கு முப்பது பேர் கல்லீரல் கெடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். ஆனால் “பக்கவிளைவே இல்லை” என்று சொல்ல இந்த ஆய்வுக்குப் பிறகு யாருக்கும் வழியில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-லும் 2019-லும் நிறத்துக்காகப் போடும் இந்த ஊசியைப் பற்றிப் பகிரங்கமாகவே எச்சரித்தது. கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம், தைராய்டு, தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று அதில் வரும் பட்டியல் நீளமானது. இவற்றில் எது எத்தனை பேருக்கு வரும் என்று எண்ணிச் சொல்லும் பெரிய ஆய்வு கிடையாது. எண்ணிப் பார்க்காத ஆபத்தை ‘இல்லாத ஆபத்து’ என்று விற்கிறார்கள்; என் கோபம் அங்கேதான்.

உங்கள் பாட்டிலில் இன்னொரு பாதி வைட்டமின் சி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் இதைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவை நிறைய. முதலில் அளவு. அமெரிக்காவில் 2017-ல் வைட்டமின் சி ஊசிக்கு முறையான அனுமதி கிடைத்தது, அதுவும் ஸ்கர்வி என்ற பற்றாக்குறை நோய்க்கு மட்டும். பெரியவர்களுக்கு அதில் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். ட்ரிப்ஸில் 10 கிராம், 25 கிராம் என்று ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். 25 கிராம் என்றால் அந்த அளவைப்போல 125 மடங்கு. அந்த ஊசியில் வைட்டமின் பெரும்பாலும் சோடியம் உப்பாகவே இருக்கும் என்பதால், 25 கிராமோடு 3 கிராமுக்கு மேல் சோடியமும் உடம்புக்குள் போகும். ரத்த அழுத்தம் அதிகமுள்ளவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் இது விளையாட்டல்ல.

இவ்வளவு அதிக அளவில் வைட்டமின் சி தன் வேலையையே தலைகீழாகச் செய்ய ஆரம்பிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. செல்களைச் சுற்றி ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி, ஆன்டிஆக்சிடன்ட் என்று ஏற்றியது ஆக்சிஜனேற்றத் தாக்குதலாக மாறுகிறது. பெரும்பாலானவர்களின் சிவப்பணுக்கள் அதைச் சமாளித்துவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களால் முடியாது. அவர்களுடைய சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்; ஆண்களுக்குத்தான் அதிகம், பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஏற்றிய சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். உயிரிழப்பு வரை போயிருக்கிறது. இத்தனைக்கும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் இது. அதிலும் ஒரு நுணுக்கம்: சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கும்போதோ, ரத்தம் ஏற்றிய உடனேயோ எடுத்தால், குறைபாடு இருந்தும் முடிவு சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். எனவே உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் சிறுநீரகம். வைட்டமின் சியின் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகம் வழியாக வெளியேறும். அளவு மீறினால் அந்த ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழல்களிலேயே படிகமாகத் தங்கிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏற்கெனவே ஏறியிருப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல்தான் கெடும் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

உங்களைப் பொறுத்தவரை இதைவிடவும் அவசரமானது குளுக்கோமீட்டர். வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் பல மீட்டர்களால் வைட்டமின் சியையும் சர்க்கரையையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டுமே பட்டையில் உள்ள மின்முனையில் எலக்ட்ரானைக் கொடுத்து மின்னோட்டம் உண்டாக்குகின்றன. மீட்டர் அதை மொத்தமாகச் சர்க்கரை என்று எண்ணிவிடும். ட்ரிப்ஸ் முடிந்து சில மணி நேரத்துக்கு, சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு அதற்கும் மேல், எண் பொய்யாக ஏறிக் காட்டலாம். உண்மைச் சர்க்கரை 90 இருக்கும்போது மீட்டர் 250 காட்டினால் என்ன செய்வோம்? இன்சுலின் போடுகிறவர் கூடப் போட்டுக்கொள்வார். மாத்திரைக்காரர் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுவார். சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடக்கும்போதும் மீட்டர் ‘அதிகம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ட்ரிப்ஸ் ஏற்றிய நாளில் மீட்டரை நம்ப வேண்டாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் எண் என்ன காட்டினாலும் தாழ்சர்க்கரையாக நினைத்து உடனே சர்க்கரையைச் சாப்பிட்டுவிட்டு, ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆல்ஃபா லிபோயிக் அமிலத்தையும் சில இடங்களில் கூடவே சேர்ப்பார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு இதை 600 மில்லிகிராம் வரை ஏற்றுவது உண்டு. ஆனால் வேகமாக ஏற்றினால் தலைக்குள் அழுத்தம் கூடி மூச்சுத்திணறலும் வரலாம். தவிர, அரிதாகச் சிலருக்கு இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளை உடம்பே உருவாக்கி, சர்க்கரை திடீர் திடீரென்று தாழும். பாட்டிலில் இது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஊசி ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். பாரசிட்டமால் மாத்திரையை அளவு மீறி விழுங்கியவர்களைக் காப்பாற்ற நாங்கள் கலந்து அனுப்பும் அசிட்டைல்சிஸ்டீன், குளுட்டாதயோனைக் கல்லீரலே மறுபடி தயாரித்துக்கொள்ள உதவுகிற மருந்துதான். அது உயிர் காக்கும் மருந்து. அதற்கும் முதல் பாட்டில் ஓடும்போது முகம் சிவந்து, தடித்து, மூச்சு இழுப்பது பலருக்கு வரும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்னும் அதிகம். வேகமாக ஏற்றினால் கூடும் என்பதால்தான் 15 நிமிடத்தில் ஏற்றிய முதல் பாட்டிலை இப்போது ஒரு மணி நேரமாக்கியிருக்கிறார்கள். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோய்க்கு ஜப்பானில் 2015-லும் அமெரிக்காவில் 2017-லும் அனுமதி பெற்ற எடாரவோனும் இந்த இனம்தான். அதிலுள்ள சல்ஃபைட் சிலருக்கு ஒவ்வாது என்று குறிப்பிலேயே போட்டிருக்கும். இவற்றின் ஆபத்து நமக்குத் தெரிகிறது, யாரோ எண்ணிப் பார்த்ததால். மறுபக்கம், கிருமித் தொற்றால் தீவிர சிகிச்சையில் இருந்த 872 பேரை வைத்து 2022-ல் வெளிவந்த ‘லோவிட்’ ஆய்வில், வைட்டமின் சி ஏற்றிய குழுவில் 28 நாளில் இறந்தவர்களும் உறுப்புகள் மீளாதவர்களும் சேர்ந்து 44.5 சதவீதம்; வெறும் திரவம் ஏற்றிய குழுவில் 38.5 சதவீதம். அவர்கள் கடும் நோயாளிகள், உங்கள் நிலை வேறு. அந்த எண்ணை உங்கள் மேல் ஒட்ட வைக்க மாட்டேன். ஆனாலும் ‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை’ என்ற வாதம் அங்கே உடைந்துபோனது.

இதுவரை சொன்னது மருந்தைப் பற்றி. என் வேலையில் அதைவிட அதிகம் பயப்படுவது கலக்கும் மேசையைப் பார்த்துத்தான். 2019-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. உணவுத் துணைப்பொருளாக விற்ற குளுட்டாதயோன் பொடியை ஊசியாகக் கலந்து ஏற்றியதில் ஏழு பேருக்குக் குமட்டல், வாந்தி, குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல். அந்தப் பொடியில் எண்டோடாக்சின் அதிகமாக இருந்தது. அது பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வருவது. கிருமியைக் கொன்ற பிறகும் தங்கிவிடும், சாதாரண வடிகட்டியிலும் நிற்காது. விழுங்கினால் வயிறு பார்த்துக்கொள்ளும், ரத்தத்தில் போனால் காய்ச்சலும் அதிர்ச்சியும்தான். பொடி சுத்தம்தான் என்று காட்டும் சான்றிதழ் இருந்தாலும், ஊசிக்குரிய தரமா என்று கேட்க வேண்டும்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. குப்பியை உங்கள் முன்னால் திறக்கிறார்களா, முன்பே கலந்து வைத்த பெயரில்லாத பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டுகிறார்களா என்று கவனியுங்கள். குப்பியின் லேபிளில் ரத்தக்குழாய் வழி என்று இருக்க வேண்டும். தோலில் பூசுவதற்கு அல்லது வெளிப்பயன்பாட்டுக்கு என்று போட்ட ஆம்பூலை உடைத்து ஊசியில் இழுப்பவர்களும் உண்டு. பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா? ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்து, அது காயும்வரை பொறுக்கிறார்களா? ஈரத்தோடு குத்தினால் துடைத்ததில் பாதிப் பயன் இல்லை. கண்ணாடி ஆம்பூலை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் உள்ளே விழும். அதற்காகத்தான் வடிகட்டி ஊசியால் இழுக்கிறோம். பொடி முழுதும் கரைந்த பிறகு பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லக் கவிழ்த்தால் நூலோ துகளோ மிதப்பது தெரியும். மிதந்தால் ஏற்றக் கூடாது. தெளிவாக இருந்தால் கிருமியில்லை என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பாட்டிலில் ஐந்தாறு மருந்தைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்த தகவல் இருக்க வேண்டும். “எல்லாம் வைட்டமின்தான்” என்பது தகவல் ஆகாது. தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசிக்குக்கூட அனாஃபிலாக்சிஸ் வந்திருக்கிறது.

எல்லாம் தெரிந்தும் ஒருவர் ஏற்றிக்கொள்வேன் என்றால் நான் கேட்கும் குறைந்தபட்சம்: ஜி6பிடி, கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரில் புரதம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அழகுக்காக இதைப் போடவே வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. உதாரணமாக போர்ட்டெசோமிப் என்ற மருந்தின் வேலையை வைட்டமின் சி மட்டுப்படுத்திவிடும். ஏற்றும் இடத்தில் மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். அட்ரினலின் ஆம்பூல், ஆக்சிஜன், ரத்த அழுத்தக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். “அட்ரினலின் எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். அலமாரியைத் திறந்து காட்டினால் சரி. அலர்ஜி ஊசி இருக்கிறது என்று வேறு எதையாவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின்தான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வீட்டுக்கு வந்து ஏற்றிவிட்டுப் போகும் சேவையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு முறை ஏற்றி ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் அது மூன்றாவது முறைக்கு உத்தரவாதம் அல்ல. ஒவ்வாமை பல நேரம் உடம்பு ஒரு பொருளுக்குப் பழகிய பிறகுதான் வெளிப்படும். அடுத்ததை இப்போதைக்கு நிறுத்திவைத்து, மேலே சொன்ன பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். சோர்வு என்கிறீர்கள், நீங்கள் சாப்பிடுவது மெட்ஃபார்மினாக இருந்து பல வருடமாகியிருந்தால் பி12 குறைந்திருக்க வாய்ப்புண்டு, அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டையும் ரத்தசோகையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. கழுத்திலும் அக்குளிலும் கறுத்துத் தடித்திருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அதை எந்த ட்ரிப்ஸும் வெளுக்க வைக்காது. இந்த வாரத்துக்குள் சிறுநீர் கறுத்தால், அளவு குறைந்தால், கண் மஞ்சளானால், காய்ச்சலோடு நடுக்கம் வந்தால், தோலில் கொப்புளமோ வாய்ப்புண்ணோ கிளம்பினால், ட்ரிப்ஸுக்காகக் கேனுலா (மெல்லிய குழாய்) போட்ட கை வீங்கிச் சிவந்தால் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போகும்போது என்ன ஏற்றினார்கள் என்று எழுதி வாங்கிய சீட்டையும், முடிந்தால் குப்பிகளின் லேபிளைப் படம் எடுத்தும் கொண்டுபோங்கள். தர மறுத்தால் மறுத்தார்கள் என்பதையே மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலே மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு அவர் அறிக்கை அனுப்பலாம், அந்தப் படிவத்தில் பேட்ச் எண்ணையும் கேட்பார்கள்.